கோயமுத்தூர்ப் பட்டறைப் படிப்பு

கோயமுத்தூருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். ஊட்டிக்குப் போகும் வழியில் அங்கே இறங்கிக் காப்பி சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. மருதமலையிலும் பேரூரிலும் சுவாமி தரிசனம் செய்துகொண்டு அன்றிரவே ரயிலேறி விடுகிறவர்கள் மற்றொரு வகை. ஊரைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் அபூர்வம். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வானளாவும் கோபுரமோ, நீர்வீழ்ச்சியோ, கடற்கரையோ அந்த ஊரில் இல்லை. பார்க்கவேண்டிய பொருள் என்று அங்கே இருப்பவை பட்டறைகள்தான். பட்டறையைப் பார்க்க யாராவது டிக்கெட் வாங்குவார்களா?

நாங்கள் மூன்று பேர் வாங்கினோம். 2024 டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில், கும்பகோணத்திலிருந்து புறப்பட்டோம். என்னிடம் பத்தாவது வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், அவனுடைய தகப்பனார், நான். தகப்பனார் நாச்சியார்கோயிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்ப்பவர். அவருடைய தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் அதுவே தொழில். பையனோ டிப்ளமாப் படிப்பில் சேர்ந்து இயந்திரத் தொழில் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அவனுடைய தாயாருக்கு அவன் பிளஸ் டூ படித்து, அப்புறம் 'பெரிய என்ஜினீயர்' ஆகவேண்டும் என்று ஆசை. தகப்பனாருடைய ஆட்சேபம் வேறு. "நெருப்பும் மண்ணும் என்னோடு போகட்டும் என்றுதானே இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்! பணத்தையும் கட்டி மறுபடியும் நெருப்புக்கும் மண்ணுக்குமா அனுப்பச் சொல்கிறீர்கள், வாத்தியாரையா?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் விடை இல்லை. போய்ப் பார்த்து விடுவோம் என்று சொன்னேன்.

காவேரிக் கரையை ஒட்டியே ஓடும் ரயில், கரூர் தாண்டியதும் மெல்ல மெல்ல வேறு தேசத்துக்குள் நுழைந்து விடுகிறது. வயலின் பச்சை குறைகிறது. பனையும் வேலியும் கரிசல் மண்ணும் வருகின்றன. ஈரோடும் திருப்பூரும் கடந்து கோவையில் இறங்கும்போது இரவாகி விட்டது.

எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் விடியற்காலையில் காதில் விழுவது கோயில் மணியும் காக்கையின் குரலும். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பீளமேட்டிலும் காலை எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு என்று சொல்லிவிடலாம். முன்பக்கத்தில் கோலம், பின்பக்கத்தில் கடைசல் இயந்திரம். ஒரு தகரக் கொட்டகைக்குள் நாலு லேத்துகள் சுழலுகின்றன. அடுத்த கொட்டகையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிறார்கள். அதற்கடுத்ததில் பம்பின் உடலை வார்த்தெடுத்து, சாம்பல் நிறத்தோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெருவில் மாவு வாசனைக்குப் பதில் இரும்புத் துருவலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. விளக்கு வார்ப்பவர் மூக்கை உயர்த்தி ஒரு முறை மோந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அது சர்க்கார் உத்தரவும் அல்ல, யாரோ ஒருவருடைய யோசனையும் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் பூமி அது. ஆற்றுப் பாசனம் நமக்குப் போல வாய்க்கவில்லை. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே முதல் நூற்பாலையை நிறுவினார். பின்னர் அந்தப் பக்கத்துக் குடியானவக் குடும்பங்களே ஆலை முதலாளிகள் ஆயின. ஆலையிலே யந்திரம் கெட்டால் சீமையிலிருந்து பாகம் வரும் வரையில் யார் காத்திருப்பது? பழுது பார்க்கப் பட்டறைகள் தோன்றின. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும், ஆழக் கிணறுகளில் கவலை ஓட்டிக்கொண்டிருந்த குடியானவன் மாட்டை அவிழ்த்து விட்டு மோட்டாரைத் தேடினான். பழுது பார்த்த பட்டறைகளே பம்பு செய்யத் தொடங்கின. 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்சார மோட்டார் ஒன்றை இந்த ஊரிலேயே செய்து முடித்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்லுகிறார்கள்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் இந்த ஊரோடு ஒரு சம்பந்தம் உண்டு. இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டரை 1955இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கினார். ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து கை ஓய்ந்த நம் பாட்டிமார்களுக்கு அவர் செய்த உபகாரத்துக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும். இதெல்லாம் கிடக்க, படிப்பின் கதைக்கு வருகிறேன்.

பீளமேட்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடு என்ற செல்வர் இருந்தார். அவருக்கு நான்கு புதல்வர்கள். 1926இல் அவர்கள் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது நாலு பங்காக வைக்காமல் ஐந்து பங்காக வைத்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. நம் தேசத்தில் தர்மம் என்றால் சத்திரம், கோயில், அன்னதானம் என்பதுதான் வழக்கம். இந்தச் சகோதரர்களுடைய தர்மத்திலிருந்தோ ஒரு தொழிற்கூடம் எழுந்தது. பையன்கள் அங்கே தொழில் பழக வேண்டும். அவர்கள் செய்யும் பம்பும் மோட்டாரும் சந்தையில் விலை போக வேண்டும். 1939இல் அதையொட்டிப் பாலிடெக்னிக் தோன்றியது. 1951இல் பொறியியல் கல்லூரி. விற்பனைக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையும் பாடம் சொல்லும் வகுப்பும் ஒரே மதிலுக்குள் இருப்பது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. பரீட்சைக்காகச் செய்த பொருளைப் பரீட்சகர் பார்த்து மார்க் போட்டதும் குப்பையில் எறிந்து விடலாம். விற்பனைக்காகச் செய்த பம்பு தண்ணீர் இறைக்காவிட்டால் குடியானவன் திருப்பிக் கொண்டு வந்து வாசலில் போட்டுவிடுவான். அவனைவிடக் கண்டிப்பான பரீட்சகர் யார்?

சென்னையில் தோன்றிய படிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1794இல் கும்பினியார் சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்று வைத்தார்கள். எட்டே மாணவர்கள். அதுவே வளர்ந்து வளர்ந்து, 1920இல் கிண்டிக்குக் குடிபோன பொறியியல் கல்லூரி. அதன் புகழை யாரும் குறைக்க முடியாது. ஆயினும் அது பிறந்தது சர்க்காருக்கு அளவைக்காரர்கள் வேண்டியிருந்ததால். 1847இல் ரூர்க்கியில் ஏற்பட்ட கல்லூரியும் கங்கைக் கால்வாய் வெட்ட ஆள் வேண்டும் என்பதற்காகவே. ஆகவே என்ஜினீயர் என்றால் உத்தியோகஸ்தர் என்று நம்முடைய ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். தலைப்பாகை, ஜீப்பு, பங்களா, கையெழுத்து! கை அழுக்காகும் என்பது அந்தச் சித்திரத்திலேயே கிடையாது. 1937இல் அபட், உட் என்ற இரண்டு நிபுணர்கள் இந்தியாவின் தொழிற்கல்வியைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். பல தொழில்களை ஒரே இடத்தில் கற்பிக்கும் பாலிடெக்னிக் இந்நாட்டில் ஏற்பட வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுப்பெற்றது. 1941இல் டெல்லியில் ஒன்று ஏற்பட்டது. பீளமேட்டார் அதற்கு முன்னமேயே தொடங்கி விட்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவினாசி சாலையில் ஜி. டி. நாயுடுவின் பெயரால் இருக்கும் கார்க் காட்சிசாலைக்குப் பையன் எங்களை இழுத்துக்கொண்டு போனான். அந்தச் சாலையின் தலைக்குமேல் அப்போது கட்டிக்கொண்டிருந்த பத்துக் கிலோ மீட்டர் நீள மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்து அதற்கும் அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். 1893இல் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை அதிகம் விரும்பாமல், 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கியவர் அவர். வரிசை வரிசையாக நிற்கும் பழைய மோட்டார்களைப் பையன் பார்த்தான். நான் அவருடைய வாழ்க்கையில் ஒரு சம்பவத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன்.

1945இல் அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கையும் பொறியியல் கல்லூரியையும் நாயுடு ஏற்படுத்தினார். கல்லூரிக்கு அவரே பிரின்ஸிபால். கொஞ்ச நாளிலேயே சர்க்காரோடு தகராறு வந்துவிட்டது. நாலு வருஷப் படிப்பு வீண் காலவிரயம், இரண்டு வருஷம் போதும் என்றார் நாயுடு. வேலை செய்து கொண்டே படிப்பதற்குப் பகுதி நேர வகுப்புகள் வேண்டும் என்றும் சொன்னார். சர்க்கார் சம்மதிக்கவில்லை. அவர் ராஜினாமாக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

யார் சொன்னது சரி? நாயுடுவைப் போன்ற மேதையை எதிர்த்துப் பேச ஒரு பள்ளி உபாத்தியாயனுக்கு யோக்கியதை இல்லைதான். இருந்தாலும் இருபது வருஷமாகப் பையன்களோடு மன்றாடுகிறவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்லி விடுகிறேன். இரண்டு வருஷம் யாருக்குப் போதும்? இளமையிலேயே இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த நாயுடுவுக்குப் போதும். அரத்தைக் கையில் பிடித்தே அறியாத பையனுக்குப் போதாது. அவனுக்குக் கை பழகவே ஒரு வருஷம் ஆகும். ஆனால் பகுதி நேரப் படிப்பு விஷயத்தில் நாயுடு சொன்னதே சரியாயிற்று. பகலில் ஆலையில் வேலை, மாலையில் கல்லூரி என்று டிப்ளமாக்காரர்கள் பி. இ. பட்டம் படிக்கும் ஏற்பாடு அதே கோவையில் நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது. அவர் காலத்தில் மறுக்கப்பட்டது பின்னால் அந்த ஊரின் வழக்கமே ஆகிவிட்டது.

மறுநாள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பாலிடெக்னிக்குக்குப் போனோம். பட்டறையைப் பார்க்க அநுமதி கொடுத்த அன்பர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை.

முதலில் ராவும் பட்டறை. நீண்ட மேஜைகளில் பிடிப்பான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் காக்கிச் சட்டை அணிந்த ஒரு பையன், கையில் அரம். கொடுத்த வேலை மிகவும் எளியது: ஓர் இரும்புத் தகட்டை ஐம்பது மில்லி மீட்டருக்கு ஐம்பது மில்லி மீட்டர் சதுரமாக ராவ வேண்டும். எளியது என்றா சொன்னேன்? மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இடையே வெளிச்சம் மயிரிழைகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி ராவு. ராவினால் அந்தப் பக்கம் சரியாகி அடுத்த பக்கம் கோணுகிறது. ஒரு பையன் மூன்றாம் நாளாக அந்தத் தகட்டோடு போராடிக் கொண்டிருந்தான். உள்ளங்கையில் கொப்புளம். தகடு ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பதாகித் தேய்ந்துவிட்டது. இனிப் புதுத் தகடுதான். ஜியாமெட்ரிப் புத்தகத்தில் செங்கோணம் என்று நான் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! அதற்கு விலை கொடுத்து வாங்குகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த கூடத்தில் லேத்துகள். அவற்றில் ஒன்றில் ஒரு பெண், பின்னலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, இரும்புத் தண்டைக் கடைந்து கொண்டிருந்தாள். நுண்ணளவுமானியைத் திருகி, ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பாகம் வரையில் படித்து நோட்டில் எழுதினாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு நேரமில்லை. எனக்கு லலிதா அம்மையாரின் நினைவு வந்தது. கைக்குழந்தையோடு விதவையான அவரை, கிண்டியில் பேராசிரியராயிருந்த தகப்பனார் அங்கேயே மின்சாரப் பொறியியல் படிக்க வைத்தார். 1943இல் பட்டம் பெற்றார். ஆண்பாலில் அச்சிட்டிருந்த பட்டயத்தைப் பேனாவால் பெண்பாலாகத் திருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்றாம்! அவரும் பிறகு ஜமால்பூர் ரயில்வேப் பட்டறையில் பயிற்சி பெற்றுத்தான் உத்தியோகத்துக்குப் போனார்.

கடைசியில் வார்ப்படப் பட்டறை. உள்ளே காலடி வைத்ததுமே விளக்கு வார்ப்பவர் செருப்பைக் கழற்றி விட்டார். கழற்றக் கூடாது, இரும்புத் துண்டு குத்தும் என்று அங்கிருந்த போதகாசிரியர் பதறிச் சொன்னார். மறுபடி மாட்டிக்கொண்டு, நேரே மணல் குவியலிடம் போய் ஒரு பிடி அள்ளினார். விரல்களை மூடி இறுக்கினார். கையைத் திறந்து, பிடித்த உருண்டையை இரண்டாக உடைத்தார்.

"மண் காய்ந்து கிடக்கிறதே! இதிலே அச்சு நிற்காதே" என்றார்.

போதகாசிரியர் கோவைக்காரர், பேச்சில் அந்த ஊருக்குரிய மரியாதை. "நீங்க என்ன வார்க்கறீங்க?" என்று கேட்டார். பித்தளை விளக்கு, காவேரி வண்டலில் வார்க்கிறோம் என்று பதில் வந்தது.

"அப்படிச் சொல்லுங்க. உங்க மண்ணுக்கு நீங்க சொன்னது சரிங்க. வண்டலிலே களி தானாகவே கலந்திருக்குது. அது நைசாகவும் இருக்கும். தண்ணி அதிகம் கேட்கும். நாங்க போடறது வெறும் மணலுங்க. பென்ட்டனைட்டுன்னு ஒரு களிமண்ணை அளந்து கலக்கறோம். அதுக்கு நூற்றுக்கு மூணு நாலு பங்கு தண்ணி போதும். கூடினா இரும்பு கொதிக்கும். உள்ளே குமிழ் விழுந்துரும்."

பிறகு மணலைச் சோதிக்கும் சாதனங்களைக் காட்டினார். ஒரு குழலில் மணலை மூன்று தடவை எடை விழ வைத்து இடிக்கிறார்கள். அந்த உருளைக்குள் காற்று எவ்வளவு நுழைகிறது என்று ஒரு முள் காட்டுகிறது. அதை நசுக்கினால் எவ்வளவு பலம் தாங்குகிறது என்று இன்னொரு முள் காட்டுகிறது. "உங்க கை சொல்றதைத்தானுங்க இந்த முள்ளும் சொல்லுது. உங்க கை 'ஆகும், ஆகாது' என்கும். முள் 'எவ்வளவு' என்கும். நாளைக்கு மண் மாறினா, உலோகம் மாறினா, கைக்குப் பழக்கம் போதாதுங்களே" என்றார்.

தகப்பனார் நெடுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் மரத்தில் செய்த மாதிரி உருவம் ஒன்றை எடுத்து, சுருங்குவதற்கு எத்தனை விடுகிறீர்கள் என்று கேட்டார். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகையால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். நாச்சியார்கோயிலில் அதற்கு 'ஒரு நூல்', 'அரை நூல்' என்று கணக்கு; அவருடைய பாட்டனார் சொல்லிக்கொடுத்த கணக்கு. வார்ப்பிரும்புக்கு மீட்டருக்குப் பத்து மில்லி மீட்டர், பித்தளைக்குப் பதினைந்து பதினாறு என்று போதகாசிரியர் சொன்னார். தகப்பனார் விரலில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சரியாய்த்தான் வருகிறது" என்றார். யார் கணக்கு சரியாய் வந்தது என்று சொல்லவில்லை!

அந்த இடத்தில் எனக்கு உண்டான எண்ணத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். நம் தேசத்தில் எழுத்தறிந்தவன் உலோகத்தைத் தொடவில்லை. உலோகத்தைத் தொட்டவனிடம் ஏட்டை யாரும் கொடுக்கவில்லை. பல நூறு வருஷம் இப்படியே நடந்தது. சுவாமிமலையில் நடராஜரை வார்த்த கைகளின் அறிவு எந்தச் சர்வகலாசாலையிலும் பாடமாகவில்லை. ஆங்கிலேயன் வந்து சுருக்கக் கணக்கைப் புத்தகத்தில் அச்சிட்டு விற்றபோதுதான் அது 'ஸயன்ஸ்' ஆயிற்று. நாட்டை அந்நியரிடமிருந்து மீட்டோம். கையையும் ஏட்டையும் பிரித்து வைத்த சுவர் மாத்திரம் இன்னும் நிற்கிறது. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தைச் சொன்னபோது, கைத்தொழிலைப் பிரதானமாக வைத்ததைக் கேலி செய்தவர்கள் படித்தவர்களே.

அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள், டிப்ளமாப் படித்த பையனுக்குப் பெண் கேட்டுப் போய்ப் பார்க்கலாம். "டிப்ளமாவா? பி. இ. இல்லையா?" என்று பெண் வீட்டார் காப்பித் தம்ளரைக் கீழே வைப்பார்கள். பள்ளிக்கூடத்திலும் கதை அதுதான். மார்க் குறைந்தவனைப் பார்த்து, 'பாலிடெக்னிக்குக்குப் போ' என்று தண்டனை விதிப்பதுபோல் சொல்லும் உபாத்தியாயர்கள் எங்கள் வர்க்கத்தில் இல்லாமல் இல்லை.

வாஸ்தவத்தில் அந்தப் படிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொண்டு சொல்கிறவர்கள் கொஞ்சம் பேரே. பத்தாவது தேறியவன் சேரலாம், மூன்று வருஷம். படிப்புக்கு நடுவே தொழிற்சாலையில் சில மாதங்கள் வேலை பார்த்து வரும் 'ஸாண்ட்விச்' முறையும் உண்டு. அதற்கு அரை வருஷம் கூடுதல். டிப்ளமா பெற்றவன், விரும்பினால், பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். விரும்பாவிட்டால், 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தொழிற்சாலையில் பயிற்சியாளனாகப் போகலாம். 1973இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, டிப்ளமாக்காரர்களையும் பட்டதாரிகளையும் அதில் சேர்த்தார்கள். முன்பெல்லாம் கல்லூரி வாசலையே மிதிக்காமல், இந்திய என்ஜினீயர்கள் கழகத்தின் பரீட்சைகளை இரவில் படித்து எழுதி, போர்மனாக இருந்தவர்கள் என்ஜினீயர் ஆனதுண்டு. 1920இல் ஏற்பட்ட அந்தக் கழகத்தின் பரீட்சையைப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்வதை, 2013 மே மாதத்துக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு நிறுத்தி விட்டார்கள். ஏழைத் தொழிலாளிக்கு இருந்த ஒரு கதவு அப்படி மூடிற்று. அது எனக்குச் சம்மதமான காரியம் அல்ல.

தாயார்மார்களின் கவலையிலும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. டிப்ளமாவோடு நிற்கிறவன் மேலே ஏறப் பல இடங்களில் பட்டம் குறுக்கே நிற்கிறது. மூன்று வருஷம் கழித்துப் பட்டத்துக்குப் போகிறவன் கணிதத்தில் திணறுகிறான். பிளஸ் டூ படித்து வந்தவன் அங்கே முந்திக் கொள்கிறான். பட்டறையும் நல்ல போதகாசிரியரும் உள்ள இடத்தில் சேர்ந்தால்தான் இந்தப் படிப்புக்குப் பொருள். லேத்துக்கு உறை போட்டு மூடி, இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் திறக்கிற இடங்களும் இந்நாட்டில் இருக்கின்றன. சேர்க்குமுன் தகப்பன்மார் கட்டடத்தைப் பார்க்கவேண்டாம். லேத்தின் அடித்தட்டில் இரும்புத் துருவல் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று, பாஷை. வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைத் தடவித் தடவிப் படிக்கும் பையன்கள், பட்டறையில் தமிழில் என்னமாய்ப் பேசுகிறார்கள்! ராவு, கடை, வார், துளை போடு, மட்டம் பார், பிசிறு எடு. இவையெல்லாம் நிபுணர் குழு கூடி உண்டாக்கிய சொற்கள் அல்ல, கையிலிருந்து பிறந்தவை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். அதற்கு வேண்டிய சொற்களில் பாதியை ஆவாரம்பாளையத்துத் தெருவிலேயே பொறுக்கிக் கொள்ளலாம் என்பது என் யோசனை.

பட்டறையை விட்டு வெளியே வந்ததும், மரத்தடியில் நின்று தகப்பனார் பையனைக் கேட்டார்: "தம்பி, அந்த முள் இருக்கிறதே, அதைப் பார்க்க உனக்குச் சொல்லிக் கொடுப்பார்களா?"

"சொல்லிக் கொடுப்பார்கள், அப்பா."

"நம் மண்ணைக் கொண்டு வந்து வைத்தால், அதற்கும் சொல்லுமா?"

பையன் போதகாசிரியரைப் பார்த்தான். "கொண்டு வாங்க தம்பி, பார்த்துப் போடலாம்" என்றார் அவர்.

அன்று மாலையே தகப்பனார் கடைவீதிக்குப் போய், காக்கித் துணி கஜம் என்ன விலை என்று விசாரித்தார். விலையைக் கேட்டுத் திடுக்கிட்டு, கும்பகோணத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார். தாயாரைச் சம்மதிக்கச் செய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. "நீங்கள் சொல்வதால் விடுகிறேன், பின்னால் அவன் பட்டமும் படிக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார். அந்த அம்மாளின் நிபந்தனையைப் பையனும் ஒப்புக்கொண்டான்.

2025இல் அவன் சேர்ந்தான். விடுதிக்குப் போகும்போது, மற்றப் பெட்டி படுக்கையோடு, காவேரி வண்டல் ஐந்து கிலோ ஒரு துணிப் பையில். முதல் பருவப் பரீட்சையின் முடிவு வந்திருக்கிறது. படம் வரைவதில் வகுப்பிலே முதல் மூவரில் ஒருவன். கணிதத்தில் தவறிவிட்டான். நான் கவலைப்பட்டது போலவே ஆயிற்று. விடுமுறைக்கு வந்தபோது ஒரு வாரம் என் வீட்டுத் திண்ணையில் அவனை உட்காரவைத்து அணிக்கோவையும் திரிகோணமிதியும் சொல்லிக்கொடுத்தேன். ஏப்ரலில் மறுபடியும் எழுதுகிறான்.

தகப்பனார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கணிதத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மண்ணைப் பற்றித்தான் கேட்கிறார். வார்ப்படச் சோதனை இரண்டாம் வருஷத்தில்தான் வருமாம். அதுவரையில் துணிப் பை விடுதிக் கட்டிலின் அடியில் இருக்கிறது.